பெயரிடும் உரிமை யாருக்கு?

(மயிலையில் நடந்த திங்கட் கூட்டத்தில், திருமயிலை நிலத்தடித் தொடர்வண்டி நிலையப் பணி குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடர்வண்டி நிலையம் கட்டப்படுவதைப் பற்றித் தமிழ்க் கூட்டத்தில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இங்கு வந்துள்ள சிலர் எண்ணக்கூடும். மொழி வேறு, கட்டடம் வேறு என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக ஊறிப் போயிருக்கிறது. மொழி என்றால் பாட்டு, மொழி என்றால் மேடை, மொழி என்றால் திருமண அழைப்பிதழ் என்று அதன் எல்லையை நாமே குறுக்கி வைத்திருக்கிறோம். அந்த எல்லைக்கு வெளியே மண் தோண்டப்படுகிறது; எஃகு வளைக்கப்படுகிறது; கற்காரை ஊற்றப்படுகிறது; புதிய நகரமே எழும்புகிறது. அங்கெல்லாம் தமிழுக்கு வேலை உண்டா, இல்லையா என்பதுதான் இன்று நாம் பேச வேண்டிய செய்தி.

நாம் கூடியிருக்கும் இந்த மயிலையில், இராமகிருட்டிணர் மடச் சாலையும் கச்சேரிச் சாலையும் கூடும் இலசு முனையைச் சுற்றி, உயர்ந்த தகட்டு வேலிகள் நிற்பதை நாள்தோறும் பார்க்கிறீர்கள். போக்குவரத்து திருப்பி விடப்பட்டிருக்கிறது. கடைக்காரர்கள் வணிகம் குறைந்ததென்று வருந்துகிறார்கள். முதியவர்கள் கோயிலுக்குச் செல்ல வழி சுற்றிப் போகிறார்கள். இத்தனை இடரையும் தாங்குகிற மக்களுக்கு, அந்த வேலிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லும் கடமை யாருக்கேனும் இருக்கிறதா? இருக்கிறது. அந்தக் கடமையில் ஒரு சிறு பகுதியை இன்று நான் செய்ய முயல்கிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். மெட்ரோ என்று எல்லாரும் வழங்கும் சென்னை மாநகர்த் தொடர்வண்டியின் முதற்கட்டப் பணி 2009-இல் தொடங்கியது. 2015 சூன் 29-ஆம் நாள் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை முதல் வண்டி ஓடியது. 2017 மே 14-ஆம் நாள் திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை முதல் நிலத்தடித் தடம் திறக்கப்பட்டது. 2019 பிப்பிரவரியில் முதற்கட்டம் நிறைவுற்றது. 2021 பிப்பிரவரியில் வடசென்னையின் திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை தடம் நீண்டது. இரண்டாம் கட்டத்திற்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்று தடங்கள், 118.9 கிலோமீட்டர் நீளம். மதிப்பீடு 63,246 கோடி உருவா. அடிக்கல் நாட்டியபின் ஏறத்தாழ நான்காண்டுகள் தமிழ்நாட்டரசே பெரும்பொருட்சுமையைத் தாங்கி வந்தது. 2024 அக்தோபர் 3-ஆம் நாள்தான் இந்திய அமைச்சரவை தன் பங்கிற்கு ஒப்புதல் அளித்தது. இந்தக் காலத்தாழ்ச்சியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு நாள் அதனை விரிவாகப் பேசுவோம்.

இந்த இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரித் தொழிற்பூங்கா செல்லும் தடமும், கடற்கரைக் கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் தடமும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடமே திருமயிலை. அருகிலேயே 1997-இல் திறக்கப்பட்ட பறக்கும் தொடர்வண்டியின் திருமயிலை நிலையம், பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின்மேல் நிற்கிறது. மேலே ஒரு தடம். நிலத்தடியில் இரண்டு தடங்கள். இரு தடங்கள் ஒரே இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செல்ல வேண்டியிருப்பதால், இந்நிலையம் ஏறத்தாழ 35 மீட்டர் ஆழம் செல்கிறது. பதினொரு பன்னிரண்டு அடுக்குக் கட்டடத்தைத் தலைகீழாக நிலத்தில் இறக்கினால் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழம்! சென்னை மாநகர்த் தொடர்வண்டியின் மிக ஆழமான நிலையங்களுள் இது முன்வரிசையில் நிற்பது.

இவ்வளவு ஆழத்தை நெருக்கமான தெருக்களுக்கு நடுவே எப்படித் தோண்டுகிறார்கள்? சுற்றிலும் பழைய வீடுகள். சற்றுத் தொலைவில் கபாலீச்சரமும் அதன் குளமும். மறுபுறம் போர்த்துகீசியர் 1516-இல் எழுப்பிய இலசுத் திருக்கோயில். வெறுமனே குழி தோண்டினால் பக்கத்து மண் சரிந்து வீடுகளும் உடன் சரியும். ஆகவே, முதலில் தோண்டுவதில்லை. முதலில் சுவர் கட்டுகிறார்கள். குழியே இல்லாத இடத்தில் சுவரா என்று கேட்பீர்கள். ஆம், அதுதான் இத்தொழிலின் அழகு.

நிலையம் அமையவிருக்கும் இடத்தின் எல்லையில், ஓர் ஆள் அகலத்தில் ஆழமான பள்ளத்தைக் கவ்வுபொறி கொண்டு துண்டு துண்டாக அகழ்கிறார்கள். அகழ அகழப் பள்ளம் இடிந்து விழாமலிருக்க, ஒருவகைக் களிமண் குழம்பை அதில் நிரப்பிக்கொண்டே போகிறார்கள். குழம்பின் அழுத்தம் இருபுற மண்ணையும் தாங்கிப் பிடிக்கிறது. வேண்டிய ஆழம் வந்ததும், எஃகுக் கம்பிகளால் பின்னிய பெரிய கூட்டைப் பாரந்தூக்கியால் உயர்த்தி அந்தக் குழம்புக்குள் இறக்குகிறார்கள். பிறகு, நீண்ட குழாய் வழியாகக் கற்காரையை அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்புகிறார்கள். கற்காரை எடை மிக்கது; ஆதலால் அது அடியில் தங்கிக் குழம்பை மேலே தள்ளுகிறது. வெளிவரும் குழம்பைத் தூய்மை செய்து அடுத்த பள்ளத்திற்குப் பயன்படுத்துகிறார்கள். இப்படித் துண்டுக்கு அடுத்த துண்டாக நிலையத்தைச் சுற்றி நிலத்துக்குள்ளேயே ஒரு கோட்டை மதில் எழும்பிவிடுகிறது. இதனை நிலத்தடி மதில் என்று சொன்னால் எந்தத் தமிழனுக்கு விளங்காது?

மதில் முடிந்தபின் இருவழிகள் உண்டு. அடிவரை தோண்டிவிட்டுக் கீழிருந்து மேலாகக் கட்டுவது ஒன்று. மேல்தளத்தை முதலில் அமைத்து, அதற்குக் கீழே தோண்டித் தோண்டி ஒவ்வொரு தளமாக இறங்குவது மற்றொன்று. இந்த இரண்டாம் முறையில் கூரை முதலில், தரை கடைசியில்! ஒவ்வொரு தளமும் இருபுற மதில்களுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துத் தாங்குகிறது. சாலையை விரைவில் மூடிப் போக்குவரத்துக்குத் திருப்பித் தரவும் இது வழி செய்கிறது. கூரையில் விடப்பட்ட வாய் வழியாக மண் மேலே வருகிறது. எஃகு கீழே போகிறது.

நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையே தடம் அமைப்பது வேறு வேலை. அதைச் செய்வது துளைப்பொறி. முகத்தில் சுழலும் வெட்டுத் தட்டு. அதன்பின் மண்ணை அழுத்தத்தோடு வாங்கித் திருகு வழியே வெளியேற்றும் அறை. அதன்பின் வளைவான கற்காரைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி வட்டமாக்கும் கை. ஒரு வட்டம் முடிந்ததும், அதன்மேல் கால் ஊன்றி எந்திரம் தன்னை முன்னே தள்ளிக்கொள்கிறது. வட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைக் கலவை செலுத்தி நிரப்புகிறார்கள். நிரப்பாவிட்டால் மேலே சாலை அமிழும்.

தோழர்களே! இந்த வட்டத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? உறைகிணறு நினைவு வரவில்லையா? சுட்ட மண்ணாலான உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, சரியும் மண்ணிலும் கிணறு அமைத்தவர்கள் நம் முன்னோர். கீழடி அகழாய்வில் அந்த உறைகிணறுகளை நாம் கண்ணாரக் கண்டோம். நெடுக்காக நின்ற உறையைக் கிடையாகக் கிடத்துங்கள்; மண்ணுறையைக் கற்காரை உறையாக்குங்கள்; தடத்தின் அமைப்பு விளங்கிவிடும். இரண்டும் ஒன்றே என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது வீண்பெருமை. எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் நாமல்லர். ஆனால், 'உறை' என்னும் சொல் நம்மிடம் இருக்கிறது. கிணறு வெட்டுவோர் நாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சொல் இந்தத் தொழிலுக்குப் பொருந்துகிறது. நிலத்தடி வழிக்குச் 'சுருங்கை' என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. ஏரித் தொழிலில் மதகு, தூம்பு, குமிழி என்று நீரடக்கும் நுட்பச் சொற்கள் இருக்கின்றன. இருந்தும், வேலிக்குப் பின்னால் இச்சொற்களுள் ஒன்றுகூட ஒலிப்பதில்லை. ஏன்?

இங்கேதான் ஒரு பாறையின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சென்னை நிலத்தின் மேற்பகுதியில் மணலும் களியும் கலந்து கிடக்கின்றன. அவற்றின்கீழ் சிதைந்த பாறையும், அதன்கீழ் கட்டிப் பாறையும் உள்ளன. மேலே குழைவு, கீழே கடினம் என்னும் இந்தக் கலப்பு நிலந்தான் துளைப்பொறிக்குப் பெருந்தொல்லை. வெட்டுத் தட்டின் ஒரு பாதி மண்ணிலும் மறுபாதி பாறையிலும் சுழலும்போது பற்கள் விரைவில் தேய்கின்றன. இந்நகரத்தின் தெற்கே, பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் அந்தக் கடும்பாறை வெளியே தலைகாட்டி நிற்கிறது. உலக நிலவியல் நூல்கள் அனைத்தும் அப்பாறையை ஒரு பெயரால் அழைக்கின்றன. என்ன பெயர்? பல்லாவரக் கல்லா? இல்லை. 'சார்னக்கைட்டு'.

சார்னக்கு என்பவர் கிழக்கிந்தியக் கும்பினியின் வங்காள அலுவலர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தவர். கல்கத்தாவில் அவர் கல்லறைமேல் வைக்கப்பட்ட கல், நம் பக்கத்துப் பாறையிலிருந்து சென்றது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமசு ஆலந்து என்னும் அறிஞர் அக்கல்லை ஆராய்ந்து, 1893-இல் அப்பாறை வகைக்குச் சார்னக்கின் பெயரைச் சூட்டினார். பாறை நம்முடையது, அதை வெட்டிய கைகள் நம்முடையவை, அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் படிக்கட்டுக்கும் அதைப் பயன்படுத்திய மக்கள் நாம். பெயரோ, வங்காளத்தில் புதைக்கப்பட்ட ஆங்கிலேயருடையது!

இதைக் கேட்டவுடன் சினம் வருகிறது, இல்லையா? சினம் வரட்டும், ஆனால், சினத்தைச் சரியான இடத்தில் வையுங்கள். ஆலந்து எதையும் திருடவில்லை. அவர் அந்தக் கல்லை மெல்லிய தகடாகச் சீவினார், நுண்ணோக்கியின்கீழ் வைத்தார், அதிலுள்ள கனிமங்களை வகைப்படுத்தினார், கண்டதை எழுதினார். எழுதியவர் பெயரிட்டார். நாம் கருங்கல் என்று சொல்லி அடித்து உடைத்தோம், அதோடு நின்றுவிட்டோம். பெயரிடும் உரிமை பிறப்பால் வருவதன்று; ஆய்வாலும் உழைப்பாலும் எழுத்தாலும் வருவது. யார் ஒரு பொருளை உற்றுநோக்கி விளக்குகிறாரோ, அவர் மொழியில்தான் அப்பொருளின் பெயர் நிலைக்கும். இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த கருத்து.

அதே பாடத்தை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். இத்தடம் தொடங்கும் கடற்கரை நிலையத்துக்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர். எவ்வளவு நல்ல பெயர்! கலத்தைக் கரைக்கு அழைக்கும் விளக்கம். இதை நேற்றைக்கு யாரும் குழு அமைத்து ஆக்கவில்லை. சிலப்பதிகாரத்திலேயே அச்சொல் உண்டு. கடலோடிய தமிழனுக்கு அப்பொருள் வேண்டியிருந்தது, அவன் அதைக் கட்டினான், ஏற்றினான், கண்டான், பெயரிட்டான். ஆகவே, பெயர் நூற்றாண்டுகளைக் கடந்து இன்று நிலையப் பலகையில் வந்து நிற்கிறது. தொழில் இருந்தபோது சொல் தானே பிறந்தது. தொழிலை விட்டபோது சொல்லைக் கடன் வாங்கினோம்.

இப்போது துளைப்பொறிகளின் பெயருக்கு வருவோம். துளைப்பொறிக்குப் பெயர் சூட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இரண்டாம் கட்டத்தில் மலைகள், ஆறுகள், பறவைகள் ஆகியவற்றின் பெயர்களைச் சூட்டினார்கள். நீலகிரி, ஆனைமலை என்று மலைப் பெயர்கள். காவிரி, அடையாறு என்று ஆற்றுப் பெயர்கள். காவிரி என்னும் எந்திரம் அடையாற்றின் அடியே துளைத்துச் சென்றது என்று செய்தித்தாளில் படித்தபோது மகிழ்ந்தோம். ஆனால், பறவைகள் என்று வந்தவுடன் என்ன நேர்ந்தது? கலங்கரை விளக்கத்திலிருந்து நம் மயிலை நோக்கி 2023-இல் புறப்பட்ட எந்திரத்துக்குப் 'பிளமிங்கோ' என்று பெயர். மற்றொன்றுக்குப் 'பெலிகன்'. அந்தப் பறவைகள் நம் நாட்டுக்கு அயலானவையா? பூநாரை கோடியக்கரைக்கு ஆண்டுதோறும் வருகிறது. பழவேற்காட்டு ஏரியில் கூட்டம் கூட்டமாக நிற்கிறது. கூழைக்கடா வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டுகிறது. மீனவர்க்கும் உழவர்க்கும் தெரிந்த பெயர்கள் இவை. மலைக்கும் ஆற்றுக்கும் தமிழில் பெயர் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பறவைக்கு வைக்கத் தெரியாமற் போனது, பகையால் நேர்ந்ததென்று நான் கருதவில்லை. பழக்கத்தால் நேர்ந்தது. அலுவலகத்தில் ஆங்கிலத்திலே எண்ணி, ஆங்கிலத்திலே எழுதி, கடைசியில் பலகைக்கு மட்டும் தமிழைத் தேடும் பழக்கம் அது.

தமிழ் கடைசியில் பூசும் வண்ணமாக இருக்கக் கூடாது. அடித்தளத்தோடு ஊற்றப்படும் கற்காரையாக இருக்க வேண்டும். நிலையம் திறக்கும் நாளில் பெயர்ப் பலகையில் தமிழ் பெரிதா, சிறிதா என்று அளவுகோல் எடுத்துக்கொண்டு போகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால், அதற்கு முன் ஐந்தாறு ஆண்டுகள் அந்நிலையம் கட்டப்படும்போது நாம் எங்கே இருந்தோம்?

இன்னொரு செய்தியையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலிக்குப் பின்னால் வியர்வை சிந்துகிறவர்களுள் பெரும்பகுதியினர் பீகார், சார்க்கண்டு, ஒடிசா, வங்காளம் ஆகிய நிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களை ஏளனமாகப் பேசும் சிலரை நான் பார்த்திருக்கிறேன். அது தமிழ்ப் பண்பாகாது. நம் நிலத்தடியில், காற்றுக் குறைந்த வெப்பத்தில், நமக்காக அகழ்கிறவர்கள் அவர்கள். 2025 சூன் 12-ஆம் நாள் இராமாபுரம் அருகே, மேம்பாலத் தடத்துக்கான இரு கற்காரை உத்திரங்கள் சரிந்து விழுந்ததில், அவ்வழியே வண்டியில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய பணியில் நேரும் ஒவ்வொரு பிழையும் ஓர் உயிரை விலையாகக் கேட்கும். ஆகவே, எச்சரிக்கைப் பலகை தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். சாலையில் நடக்கும் தமிழனுக்குப் புரியும் தமிழிலும் இருக்க வேண்டும். இருவர்க்கும் புரியாத ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்துவிட்டு, 'எச்சரித்தோம்' என்பது யாரை ஏமாற்ற?

அதே வேளையில் நம் இளைஞர்களைப் பார்த்துக் கேட்கிறேன்: துளைப்பொறியை ஓட்டவும், கம்பிக் கூடு கட்டவும், நிலத்தின் அசைவை அளக்கவும் நம் தொழிற்பயிற்சி நிலையங்களிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள்? அகழும் கை நம்முடையதாக இல்லாதபோது, அகழும் சொல் மட்டும் எப்படி நம்முடையதாகும்?

சிலர் சொல்வார்கள்: 'தனித்தமிழ்ச் சொற்கள் மக்களுக்கு விளங்கா, அவற்றைத் திணிக்காதீர்கள்' என்று. அவர்களுக்கு என் விடை இது: நடைமேடை என்னும் சொல் விளங்கவில்லையா? மின்தூக்கி விளங்கவில்லையா? பயணச்சீட்டு, கால அட்டவணை, சுரங்கப்பாதை எல்லாம் ஒரு காலத்தில் புதுச்சொற்களே. நாள்தோறும் கண்ணில் பட்டன, காதில் விழுந்தன, நாவில் ஏறின. அதே வேளையில், நம் அன்பர்களுக்கும் ஒன்று கூறுவேன். அகரமுதலியைப் புரட்டி, யாருக்கும் விளங்காத கடுஞ்சொல்லைப் பலகையில் ஏற்றுவது தமிழ்த் தொண்டன்று. இடர்க்காலத்தில் வெளியேறும் வழியைக் காட்டும் பலகை, ஓடுகிற கிழவிக்கு ஒரே நொடியில் விளங்க வேண்டும். 'வெளியே செல்லும் வழி' என்பதைவிட உயர்ந்த தமிழ் அங்கே தேவையில்லை. சொல்லின் தூய்மையும் சொல்லின் எளிமையும் பகையல்ல. அவற்றைப் பகையாக்குவது நம் சோம்பல்.

நிறைவாக, நாம் செய்யக் கூடிய பணிகள் மூன்றைச் சொல்லி அமர்கிறேன்.

முதலாவது: நம் கிளை மன்றங்களில் பொறியியல் கற்ற அன்பர்கள் இருக்கிறீர்கள். இந்நிலையம் வளர்வதைத் திங்கள்தோறும் கவனித்து, நடக்கும் பணியை எளிய தமிழில் எழுதுங்கள். மதில் எப்படி எழும்பியது, தளம் எப்படி இறங்கியது, நீர் எப்படி வெளியேற்றப்பட்டது, அருகிலுள்ள கட்டடங்களின் சாய்வையும் வெடிப்பையும் எந்தக் கருவிகள் அளக்கின்றன என்பவற்றை எழுதுங்கள். தன் வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்ட சிறு கருவி எதற்கென்று அறியாமல் அஞ்சும் ஒரு தாய்க்கு, அந்தக் கட்டுரை ஆறுதலாகவும் அறிவாகவும் இருக்கும். ஐயத்தை உரிய அலுவலரிடம் கேட்கும் துணிவையும் தரும்.

இரண்டாவது: கிணறு வெட்டுவோர், கல்தச்சர், கொத்தனார், கொல்லர் ஆகியோரிடம் செல்லுங்கள். அவர்கள் நாவிலுள்ள தொழிற்சொற்களைத் தொகுத்து வாருங்கள். மண்ணின் வகைக்கும், கல்லின் இயல்புக்கும், ஊற்றுக்கும், சரிவுக்கும் அவர்களிடம் உள்ள சொற்கள் நம் அகரமுதலிகளில் பாதிகூட ஏறவில்லை. அந்தத் தலைமுறை மறைந்தால் சொல்லும் மறையும்.

மூன்றாவது: நிலையப் பெயர், அறிவிப்பு, எச்சரிக்கை, வழிகாட்டிப் பலகை ஆகியவை அச்சுக்குச் செல்லும் முன்பே, தெளிவான தமிழ் வடிவங்களை எழுதி முறையாக அனுப்புங்கள். குறை சொல்லும் மடல் ஒன்று எழுதினால், அதனோடு திருத்தம் சொல்லும் மடல் இரண்டு எழுதுங்கள். திருமயிலை என்னும் அழகிய பெயரைத் தேர்ந்தவர்கள் நல்ல தமிழுக்குச் செவி கொடுக்க மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

இலசு முனை என்று நாம் வழங்கும் பெயர்கூட, ஒளி என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்த சிலர் இங்கே ஒரு கோயில் கட்டினார்கள். ஐந்நூறு ஆண்டுகளாக அந்தச் சொல் நம் தெருமுனையில் நிற்கிறது. கட்டியவர் சொல் நிற்கும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டா. இன்று அதே முனையில் மீண்டும் ஒன்று கட்டப்படுகிறது. இதில் எந்தச் சொல் நிற்கப் போகிறது என்பதை நம் கையும் நம் எழுதுகோலும் முடிவு செய்யட்டும்.

வாழ்க உழைப்பவர்! வெல்க தமிழ்!